புல்வெளியில் தொலைந்த பேஸ்

பேஸ் கிதாரின் சத்தம் எங்கே போய்த் தொலைகிறது என்று ஒலிபெருக்கி கட்டியிருந்த ஓக்னியனுக்குப் பிடிபடவே இல்லை.

மேடையில் மிலுட்டின் அதை விரல் வலிக்க வாசித்துக்கொண்டிருந்தான். அக்கார்டியன் கணீரென்று கேட்டது. டிரம் கேட்டது. பேஸ் மட்டும் இல்லை. நான்கு சுவர் இருந்தால் முட்டித் திரும்பி வரும். இங்கே சுற்றிலும் பிளம் தோப்பு, மேலே வானம்.

"டேய், நான் வாசிக்கிறேனா, இல்ல கிதாருக்கு முதுகு சொறிஞ்சு விடுறேனா? எனக்கே ஒண்ணும் கேக்கலடா!" என்றான் மிலுட்டின்.

வேறு யார் கல்யாணமாக இருந்தாலும் ஓக்னியனும் சேர்ந்து சிரித்திருப்பான். மணப்பெண் அவன் தங்கை துன்யா. பிறவியிலேயே காது கேட்காதவள்.

இன்னும் அரை மணி நேரத்தில் மாமியார் கோலோ ஆட்டம். மாமியார் முன்னே நின்று மருமகளின் கையைப் பிடித்து நடத்த, பின்னால் ஊரே கைகோத்துச் சுற்றி வரும். அதில் மருமகளின் கால் ஒருமுறை தப்பினால் போதும், அவளுக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் அதையே சொல்லிச் சிரிக்கிற ஊர் அது.

ஊர் என்ன ஊர், மாமியார் தெசாங்காவே நிச்சயத்தன்று சபையில் கேட்டவள்தான். "பாட்டே கேக்காத பொண்ணு என் கோலோவுல எப்படி ஆடும்?"

அந்தக் கேள்வி ஓக்னியனைத் தூங்கவிடவில்லை. குளிர்காலம் முழுக்க வீட்டு மரத்தரையில் பேஸ் ஸ்பீக்கர் பெட்டியைக் கிடத்தி, துன்யாவை வெறுங்காலோடு நிற்க வைத்துப் பழக்கினான். அதிர்வு பாதம் வழியாக அவளுக்குள் ஏறும். கண்ணை மூடிக்கொண்டு ஆடுவாள். செவ்வாய்க்கிழமை மட்டும் வரமாட்டாள். தையல்காரிக்கு அளவு கொடுக்கப் போவதாகச் சைகை காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாள். மாசி மாதத்திலிருந்து அவளுடைய வலது உள்ளங்கை நடுவில் ஒரு சிவந்த தடம். என்ன இது என்று கேட்டால் சிரித்துக்கொண்டே கையை மூடிக்கொள்வாள்.

மேடையின் இரு பக்கமும் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளை இழுத்து வந்து நடுவில் ஒட்டி வைத்தான். பலனில்லை. தானியக் கொட்டகையின் சுவரோரம் கொண்டுபோய்த் தரையோடு தரையாக வைத்தான். இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம். ஷூவைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்று பார்த்தான். ஒன்றுமே ஏறவில்லை. பன்றி சுட்டுக்கொண்டிருந்தவர்கள் அவனைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் வெறுத்துப்போய் ஒரு பெட்டியின் வயரைப் பிடுங்கி எறிந்தான்.

அடுத்த நொடி பாதத்தில் திம்மென்று இடித்தது.

ஒரு பெட்டி இருந்தால் பேஸ் வருகிறது, இரண்டும் சேர்ந்தால் செத்துவிடுகிறது! நேற்று அவசரத்தில் புது வயர் வெட்டிச் சேர்த்தபோது சிவப்பையும் கறுப்பையும் மாற்றி முறுக்கியிருந்தான். ஒன்று காற்றைத் தள்ள, மற்றது இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்திருந்தன. பதினோரு வருடமாக இதே வேலை செய்கிறவன், தலையிலேயே அடித்துக்கொண்டான்.

வயரை மாற்றி முறுக்கியதும் தரை அதிர்ந்தது. தூரத்தில் வெறுங்காலோடு நின்றிருந்த துன்யா சட்டென்று திரும்பி அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அப்பாடா என்று இருந்தது அவனுக்கு.

அப்போதுதான் தெசாங்கா ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். மாமியார் வாங்கித் தரும் கல்யாண ஷூ. இரண்டு விரல் தடிமனுக்கு அடிப்பாகம். ஊர் பார்க்க மண்டியிட்டு மருமகளின் காலில் மாட்டி, வாரை இறுக்கினாள்.

ஓக்னியன் ஓடினான். "அத்தை, இந்த ஒரு ஆட்டம் மட்டும் வெறுங்கால்ல ஆடட்டுமே. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

"ஏன், என் மருமக செருப்பில்லாதவன்னு ஊரு பேசவா? போப்பா, போய் உன் பெட்டியப் பாரு."

படுபாவி, வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டே ஆம்ப்ளிஃபயரிடம் திரும்பினான்.

கோலோ தொடங்கியது. அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தத் தடித்த அடியைத் துளைத்துக்கொண்டாவது போகட்டும் என்று பேஸை ஏற்றினான். இன்னும் ஏற்றினான். மேஜைகளில் பிராந்திக் கோப்பைகள் நடுங்கின. மூன்றாவது சுற்றில் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பேஸ் அடியோடு நின்றது. அக்கார்டியன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"போச்சுடா!" என்று மேடையிலிருந்து மிலுட்டின் கத்தினான்.

ஓக்னியன் முகத்தைப் பொத்திக்கொண்டான். ஊர் சிரிக்கப்போகும் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தான்.

யாரும் சிரிக்கவில்லை.

விரலிடுக்கில் பார்த்தான். துன்யாவின் புது ஷூ ஓர் எட்டுகூடப் பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் தரையைப் பார்க்கவில்லை, யார் காலையும் பார்க்கவில்லை. கண்களை மூடியிருந்தாள்.

வரிசை வளைந்து அவன் பக்கமாக வந்தது. தெசாங்கா மருமகளின் வலது கையை இறுகப் பிடித்திருந்தாள். அவளுடைய மோதிரத்தின் கல் உள்பக்கமாகத் திருப்பப்பட்டிருந்தது. தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் அது துன்யாவின் உள்ளங்கையில், அந்தச் சிவந்த தடத்தின் மேலேயே, அழுந்தி அழுந்தி எழுந்தது.

செவ்வாய்க்கிழமைகளின் தையல்காரி யார் என்று ஓக்னியனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆம்ப்ளிஃபயரைத் தொடவில்லை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதான்.