ஒரு சாண் தூரம்

கோல்ஃப் ஆட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. பந்து குழிக்குப் பக்கத்தில் கிடந்தால், "எப்படியும் போட்டுடுவீங்க, எடுத்துக்கங்க" என்று எதிராளி விட்டுக்கொடுத்துவிடுவார். கோவையில் ஒரு பல்கலைக்கழகம் அந்தப் பெருந்தன்மையை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. அணியின் பழைய ஆட்டங்களைப் பார்த்து அதுவே விட்டுக்கொடுக்கும். ஆண்கள் அணிக்கு முப்பது வருடத்து ஆட்டங்கள் இருந்தன. பெண்கள் அணி போன வருடம்தான் பிறந்தது.

அகில இந்தியப் போட்டிக்கு இரண்டு அணிக்கும் சேர்த்து இருந்தது ஒரே இடம். அதற்காகப் பெண்கள் அணித் தலைவி சௌடாம்பிகா காலையிலிருந்து வெயிலில் ஆடிக் கடைசிக் குழிக்கு வந்திருந்தாள். பந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது.

"பழைய ஆட்டங்கள் போதாது. அடிக்கவும்," என்றது இயந்திரம்.

"ஒரு சாண்தானுங்க சார்! எறும்பு தள்ளுனாக்கூட விழுந்துரும்."

"எறும்பு நம்ம டீம்ல இல்லியே அம்மணி. நீயே அடி," என்றார் பயிற்சியாளர்.

அடித்தாள். விழுந்தது.

ஆண்கள் அணித் தலைவன் நிதர்சன் அப்போதுதான் காரை நிறுத்தினான். அவன் கதவைத் திறப்பதற்குள் பதினெட்டுக் குழிகளையும் விட்டுக்கொடுத்து, அவனே வென்றதாக இயந்திரம் அறிவித்தது.

சௌடாம்பிகா பல்லைக் கடித்தாள். "சார், ஜெயிச்சவங்க கடைசிக் குழியிலிருந்து பந்தைக் கையால எடுக்கோணும். நம்ம விதியில இருக்குதுங்க."

"ஆமா, இருக்குது," என்றார் பயிற்சியாளர்.

நிதர்சன் மைதானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "ஏனுங்க அக்கா, இந்தக் குழியெல்லாம் எங்கீங்க இருக்குது?"

அவள் முகம் மலர்ந்து இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்," என்றது அது. "விட்டுக்கொடுக்கப்பட்டது."