அலையில்லாத இடம்

"பெத்த புள்ளைய முழுங்கின கடல். அதைப் போய் தினம் போட்டோ எடுக்கிறீங்களே அண்ணி, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

நாத்தனார் கேட்டாள். கேட்பதற்கென்றே காரில் வந்திருந்தாள். அண்ணனைக் கையோடு அழைத்துப்போவதாகவும் ஏற்பாடு.

அண்ணி பதினோராம் மாடி பால்கனிக் கம்பியில் முழங்கையை ஊன்றி, கீழே தெரிந்த கடற்கரையைச் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தாள். தென்னை வரிசை, வெள்ளை மணல், நீலத் தண்ணீர். காலண்டரில் போடலாம். பார்க்கிறவளுக்கு வயிறு எரியாதா?

அண்ணன் பெட்டியோடு படுக்கையறையிலிருந்து வந்தார். பையன் போனதிலிருந்து அவர் பால்கனிப் பக்கமே வருவதில்லை. இப்போதும் சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"கடைசியாக் கேக்கறேன். இந்த வீட்டை வித்துட்டு எங்கயாவது போயிடலாம். வர்றியா?"

"நான் இங்கயே இருக்கேங்க."

"இந்தப் போட்டோவையாவது நிறுத்தேன். அந்த கிளிக் சத்தம் கேட்டாலே எனக்கு..."

"முடியாதுங்க."

"ஏன்னாவது சொல்லித் தொலையேன்."

அவள் கிட்டே வந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "மாத்திரையை வெறும் வயித்துல போட்டுக்காதீங்க."

அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டார். நாத்தனார் நகரவில்லை. வாயில் இன்னும் பாக்கி இருந்தது.

"இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் பெட்டியோட போறார். நீங்க மறுபடியும் கம்பிக்கு வந்துட்டீங்க. யாருக்குக் காட்ட இதெல்லாம்? லைக் எத்தனை வருது?"

அண்ணியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல், கூடவே காற்றின் இரைச்சல்.

"அக்கா, படம் வந்துச்சு. இப்ப நான் நிக்கிற இடம் சரியா?"

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். கீழே மணலில் எறும்பளவு லைஃப்கார்டு, கையில் ஒரு சிவப்புக் கொடி.

"இன்னும் வலது பக்கம் வாங்க தம்பி. இன்னும் கொஞ்சம். அங்கதான், நட்டுடுங்க."

கொடி நின்றது. குளிக்க இறங்கப்போன ஒரு குடும்பம் அதைப் பார்த்துத் தள்ளிப் போனது.

"என்ன அண்ணி இது?"

"நல்லாப் பாரு. ரெண்டு பக்கமும் அலை நுரை தள்ளுது. நடுவுல மட்டும் கறுப்பா, சாதுவா ஒரு பாதை தெரியுதா? அங்கதான் தண்ணி ஆளை உள்ள இழுக்கும். மணல்ல நின்னா ஒண்ணும் தெரியாது, பத்திரமான இடம் மாதிரிதான் இருக்கும். மேலேருந்து பாத்தாத்தான் பிடிபடும். தினம் இடம் வேற மாறுது. எல்லாம் அந்தத் தம்பி சொல்லித்தான் எனக்கே தெரியும். அதான் எடுத்து அனுப்பறேன்."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே கோபமும் வந்தது.

"இதை அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்? கார்கிட்டதான் நிப்பார். நான் போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வரேன்."

அண்ணி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"சொல்லிடாதம்மா. அன்னிக்கு இங்க நின்னு, 'அதோ அந்த அலையில்லாத இடத்துல இறங்குடா'ன்னு போன்ல பையனுக்கு வழி சொன்னது உங்க அண்ணன். தான் நல்ல இடத்தைத்தான் சொன்னோம், பையன்தான் தள்ளிப் போயிட்டான்னு இன்னிவரைக்கும் நம்பிட்டிருக்கார். அவர் அப்படியே போகட்டும்."