மாடியறைக்கு ஒரு ரௌட்டர்

"மோடம் கீழேயே இருக்கட்டும் மாமி. வயரை இழுத்து ரௌட்டரை மாடியறையில மாட்டிருதேன்" என்றான் இணைப்பு வேலைக்கு வந்த சுடலைராஜ்.

"மாட்டுங்க தம்பி. கம்ப்யூட்டர் வேலைக்குத் தடங்கல் வரப்படாது" என்றாள் ரஹ்மத்துன்னிஸா.

மாடியறையில் இருந்த அவள் மருமகன் அஃப்ஸலின் காதில் அது விழுந்தது. சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். அவன் மனைவி மௌத்தாகி, அடக்கம் செய்து ஐந்து மாதம். அடுத்த வாரம் அவள் தங்கைக்கு நிக்காஹ். வரப்போகிறவன் கம்ப்யூட்டர்காரன். இனி இந்த அறை அவனுக்கு. தான் உம்மா வீட்டுக்குப் போய்விடலாம். மூன்று வயது மகள் ஹனீன் மாமியிடம்தான் இருப்பாள்.

சுடலைராஜ் மேலே வந்து சுவரில் துளை போட்டு மாட்டினான். "லைட்டெல்லாம் எரியுது. வைஃபைக்கு என்ன பேருண்ணே வைக்க?"

"புது மாப்பிள்ளைகிட்ட கேளுங்க."

"அவரை நான் எங்க போய்த் தேட? சரி, உங்க போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்க."

"எனக்கு எதுக்கு வரும்?"

"நல்லா கேட்டிய போங்க! கனெக்‌ஷனை உங்க பேருக்குல்லா மாத்தச் சொல்லி மாமி எழுதிக் குடுத்திருக்காவ."

படிக்கட்டிலிருந்து மாமியின் குரல் வந்தது. "புது மாப்பிள்ளைக்குக் கீழறை இருக்கு. நீங்க இங்கனயே இருந்து ஆபீஸ் வேலையைப் பாருங்க. தூத்துக்குடி போய்த் திரும்புறதுக்குள்ள பிள்ளை தூங்கிப்போறா. நேர்ல சொன்னா வாணாம்பீங்கன்னுதான் சொல்லலே."

ஆறே ஆறு எண்கள். அஃப்ஸல் மூன்று முறை தப்பாக வாசித்தான்.