பின்னாடி வந்தவ

ஸ்டேஷன் வாசல்லேர்ந்தே அந்தப் பொம்பளை பின்னாடி வர்றா.

முதல்ல தற்செயலா இருக்கும்னுதான் இவ நெனச்சா. ஷூ லேஸ் கட்டுற மாதிரி குனிஞ்சு பார்த்தா. அவளும் நின்னா. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனா. அவளும் கடந்தா. ஐம்பது வயசிருக்கும். தலையைச் சுத்திப் பச்சைச் சால்வை, கால்ல தேஞ்ச ரப்பர் செருப்பு, கையில ஒண்ணும் இல்ல. ரயில்லேர்ந்து எறங்கினவகிட்ட ஒரு பையாவது இருக்காதா?

இவளுக்கு ஹாஸ்டல்ல வக்கீல்னு பேரு. படிக்கிறது என்னவோ விலங்கியல்தான். மெஸ் சாப்பாட்டுலேர்ந்து பரீட்சை மார்க் வரைக்கும் எதையும் விடாம வாதாடி வாங்கின பட்டம். நாளைக்குக் காலையில இந்த ஊர்ல ஸ்காலர்ஷிப் இன்டர்வியூ. தனியாப் போகாதேன்னு சொன்ன அப்பாவை வாயடைக்க வச்சுட்டுத்தான் ரயில் ஏறினா.

அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டு வந்துடல. ஹோட்டலுக்குப் போன் போட்டு, ஸ்டேஷன்லேர்ந்து நடந்து வரலாமா, பயம் ஏதும் உண்டான்னு கேட்டா. தனியாவா வர்றீங்கன்னு ரிசப்ஷன்காரர் ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் எந்த ரயில்னு விசாரிச்சுட்டு, தாராளமா நடந்து வாங்க, ஒரு பிரச்சினையும் இல்லைன்னார்.

இப்போ பொழுது சாஞ்சு, தெருவிளக்கு ஒண்ணொண்ணா முழிச்சுக்கிட்டிருந்துது. முன்னாடி நீளமா ஒரு குடோன் சுவர். அதைத் தாண்டினாத்தான் ஹோட்டல். சுவரோரமா ஈ காக்கா இல்ல.

யாராவது பின்னாடி வந்தா இருட்டுக்குள்ள போகாதே, ஆள் இருக்கிற இடமாப் பார்த்து நின்னு சத்தம் போடு. இவளே ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு எடுத்த பாடம் அது. சுவர் ஆரம்பிக்கிற முனையில ஒரு டயர் கடை. அஞ்சாறு பேர் நின்னுக்கிட்டிருந்தாங்க. அங்க போய்த் திரும்பி நின்னா.

"ஏய், எதுக்கு என் பின்னாடி வர்ற?"

அந்தப் பொம்பளை சுத்துமுத்தும் பார்த்தா. "நான் பாட்டுக்கு நடந்து வர்றேம்மா."

"நடந்து எங்க போற? இடத்தைச் சொல்லு."

வாயைத் தெறந்தா. என்ன நெனச்சாளோ, மூடிக்கிட்டா.

அது போதுமே. டயர் கடைக்காரங்க வந்து சூழ்ந்துக்கிட்டாங்க. ஒருத்தன் உத்துப் பார்த்துட்டு, இந்தப் பொம்பளையை ஸ்டேஷன் வாசல்ல அடிக்கடி பார்த்திருக்கேன், தனியா வர்ற பொண்ணுங்க பின்னாடியே போவான்னான். பொண்ணு புடிக்கிற கும்பலா இருக்கும்னான் இன்னொருத்தன். மூணாவது ஆள் ஓங்கி ஒரு அறை விட்டான். சால்வை கிரீஸ் தரையில விழுந்துது.

"நீ போம்மா," அடி வாங்கின கன்னத்தைப் புடிச்சுக்கிட்டே அவ சொன்னா. "இங்க நிக்காத. வெளிச்சமாப் பார்த்து, வெரசா நடந்து போயிடு."

வக்கீலுக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. "யாருக்கு யாரு புத்தி சொல்றது? அண்ணே, விட்டுடாதீங்க. இதுங்களைச் சும்மா விடுறதாலதான் பொண்ணுங்க வெளிய தலைகாட்ட முடியல."

அண்ணனுங்க விடல. இவ பாதிச் சுவர் நடந்த பிறகும் சத்தம் கேட்டுது. கொஞ்சம் ஓவராப் போகுதோன்னு தோணிச்சு. திரும்பிப் பார்க்கல.

ஹோட்டல்ல ரிசப்ஷன்காரர்கிட்ட மூச்சு விடாமச் சொன்னா. கேக்கக் கேக்க அவர் மொகம் செத்துப்போச்சு.

"பச்சைச் சால்வையா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மாடிப்படியை ஒரு தடவை பார்த்துக்கிட்டார். குரலைத் தாழ்த்திக்கிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னார். அந்தம்மா இங்க பெட்ஷீட் துவைக்கிறவங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு இதே மாதிரி போன் பண்ணிக் கேட்டுட்டு நடந்து வந்துச்சு. வந்து சேரல. மறுநாள் குடோனுக்குப் பின்னாடி அதைப் பார்த்தது அந்தம்மாதான். அன்னையிலேர்ந்து தனியா எந்தப் பொண்ணு ரூம் போட்டாலும், அந்தம்மாவே ஸ்டேஷனுக்குப் போய்ப் பின்னாடியே நடந்து வருவாங்க. யாரும் போகச் சொல்லல.

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே? அவங்களாவது வாயைத் தெறந்திருக்கலாமே?"

"முதலாளி உத்தரவு. வழியில பயம்னு வெளிய தெரிஞ்சா எவன் ரூம் போடுவான்? ஹோட்டல் பேரை எடுத்தா வேலை போயிடும்னு அவங்ககிட்ட கறாராச் சொல்லி வச்சிருக்கார்."

வக்கீல் கவுன்டர்ல இருந்த போனை அவர் பக்கம் தள்ளினா. போலீஸைக் கூப்பிடுங்கன்னா. அவர் போனையே பார்த்துக்கிட்டு நின்னார். கூப்பிட்டா, அந்தம்மா எதுக்கு உங்க பின்னாடி வந்தாங்கன்னுதான் மொதல்ல கேப்பாங்கன்னார். சரி, நீங்களாவது வாங்கன்னா. கவுன்டரை விட்டு நகரக் கூடாதேம்மான்னார்.

"தூ, நீயெல்லாம் ஒரு ஆளா," பையை அங்கேயே போட்டுட்டு வாசலுக்கு ஓடினா. குடோன் சுவர் இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் இருட்டிப் போயிருந்துது. டயர் கடைப் பக்கமிருந்து இப்போ ஒரு சத்தமும் இல்ல.

"தனியாப் போகாதீங்கம்மா," பின்னாலேர்ந்து அவர் குரல் கெஞ்சிச்சு. "கூட வர்றதுக்குன்னு இருந்தது அவங்க ஒருத்தங்கதான்."