இரண்டு டிக்

ரவுட்டரின் மூளையை அணைத்துவிட்டுப் பாலச்சந்திரன் நாற்காலியில் சாய்ந்தார்.

பட்டப்பகல். ஏரவாடாவில் கொத்தமல்லிக் கட்டுக்கு ஃபோனில் ஸ்கேன் செய்து காசு கொடுக்கிறவர்களில் தொடங்கி, பாதி புனேயின் இணையப் போக்குவரத்து சிஞ்ச்வட்டில் இருக்கும் இந்த ஒரு பெட்டி வழியாகத்தான் போயாக வேண்டும்.

"உங்களுக்கு டென்ஷனே வராதா சார்? எனக்கு இங்கே பி.பி. ஏறுது," என்றாள் ரீனா. பெட்டிக்குப் புது மென்பொருள் ஏற்றும் இந்த வேலைக்கு அவளும் அவரும்தான் பொறுப்பு.

"அக்கம்பக்கத்து ரவுட்டர்கள்ட்ட முன்னாடியே சொல்லிவெச்சாச்சும்மா. போயிட்டு வந்துடறேன், அதுவரைக்கும் நான் இருக்கறதாவே நெனச்சுக்கோங்கோன்னு."

மூளை தூங்கினாலும் பெட்டியின் கைகால்கள் பழைய வழிகளை மறப்பதில்லை. வந்ததை அனுப்பிக்கொண்டே இருக்கும். அண்டையில் இருப்பவையும் அது போய்விட்டதென்று யாரிடமும் மூச்சு விடாது. இரண்டு நிமிடம் பொறுக்கும். அதற்குள் வராவிட்டால்தான் அதன் வழிகளை அழித்துவிட்டு வேறு பாதை தேடும்.

இழுப்பறைக்குள் ஃபோன் அதிர்ந்தது.

ரீனா மேஜையைப் பார்த்தாள். அவருடைய ஃபோன் அங்கேதான் கவிழ்ந்து கிடந்தது. மறுபடியும் திரைக்குத் திரும்பினாள்.

மனைவி பட்டுவாகத்தான் இருக்கும். இந்த நேரத்துக்குத்தான் அவள் மகனுக்கு எழுதுவாள்.

ஷ்ரேயஸ் பேசக் கற்றதிலிருந்து, வீட்டில் சண்டை வந்தால் நடுவில் அவன்தான். "அப்பாவைச் சாதத்துக்குத் தஹி வாங்கிண்டு வரச் சொல்லுடா" என்பாள் பட்டு, அப்பா எதிரே உட்கார்ந்திருக்கும்போதே. "எவ்வளவுன்னு கேளுடா" என்பார் இவர்.

"அரே, நான் என்ன உங்க போஸ்ட்மேனா?" என்று சிரிப்பான். ஆனாலும் சொல்வான்.

இப்போது சண்டைகூட இல்லை. மாதக்கணக்காக ஒரே வீட்டில் இருவரும் வாய் திறப்பதில்லை. அவள் ஷ்ரேயஸுக்கு எழுதுகிறாள். அப்பாவுக்கு இருமல், டாக்டர்ட்ட போகச் சொல்லு. கேஸ் தீர்ந்துபோச்சு, புக் பண்ணச் சொல்லு.

போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு டிக் விழும். சாம்பல் நிறம்தான், நீலமாவதில்லை. ஆனால் மறுநாள் சிலிண்டர் வந்துவிடும். அவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து மாத்திரைகளை ஃப்ரிட்ஜ்மேல், அவள் கண்ணில் படும்படி வைப்பார்.

அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. பெட்டி விழித்துக்கொண்டது. தன் வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவ்வளவுதான் என்று முடித்தது.

"வந்துடுச்சு சார்! போயிட்டு வந்தது ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது!"

ரீனா இரண்டு கப் சாய் சொல்ல ஓடினாள்.

அவர் இழுப்பறையைத் திறந்தார்.

சார்ஜர் வயரோடு ஷ்ரேயஸின் ஃபோன். போன மழைக்காலத்தில் போசரி மேம்பாலத்தில் பைக் சறுக்கியபோது அவன் சட்டைப்பையில் இருந்தது. திரையில் ஒரு விரிசல் மட்டும்தான். அவனை எரித்துவிட்டு வந்து, குளிப்பதற்கும் முன்னால், அவர் அதைச் சார்ஜில் போட்டார்.

பைக் வேண்டாம் என்று சொன்னவள் பட்டு. வாங்கிக் கொடுத்தவர் அவர்.

பூட்டிய திரையில், விரிசலுக்கு அடியில் அவள் எழுதியது தெரிந்தது.

"கண்ணா, அப்பாவைக் கூப்பிடப்போறேன். எடுக்கச் சொல்லு."

மேஜைமேல் அவருடைய ஃபோன் அடித்தது. திருப்பிப் பார்த்தார். பட்டு.

எடுத்துவிட்டால், நடுவில் ஒருவன் இல்லை என்று ஆகிவிடும்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் முதலில் ஷ்ரேயஸின் ஃபோனிலிருந்து சார்ஜர் வயரை உருவினார்.