முழங்கால் நடுக்கம்

"பயத்துல முழங்கால் நடுங்கணும்டா! பத்து நாளா கட்டை மாதிரி நிக்கிற!"

நவீன நடன இயக்குநர் ரச்சனி ஒத்திகையில் கத்தாத நாளில்லை. ஆனால் பாங்காக் அருங்காட்சியகத்தில் அரங்கேற்றத்தன்று அவள் திட்டவேயில்லை. ஆடவிருந்த தனாவட்டுக்குத் தன் கையாலேயே மூன்று இளநீர் கொடுத்தாள். பிறகு தாய்லாந்து மரபு நடன வழக்கப்படி ஜரிகை உடையை அவன் உடம்போடு சேர்த்துத் தைத்தார்கள்.

"ஆட்டம் முடிஞ்சாத்தான் தையலைப் பிரிப்பேன்," என்றாள் தையல்காரி.

அன்று தனாவட் நடுங்கிய நடுக்கத்தில் கூட்டம் மூச்சடக்கிப் பார்த்தது. கடைசியில் பார்வையாளர்களை விலக்கிக்கொண்டு அவன் வெளியே ஓடியபோது, எழுந்து நின்று கைதட்டியது.

கழிப்பறையிலிருந்து துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தவன் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, அது நடிப்பில்லைக்கா..."

"தெரியும்டா. நாளைக்கு ரெண்டு இளநி போதும். இன்னிக்கு நாலு நிமிஷம் முன்னாடியே ஓடிட்ட!"