கம்பியில் கேட்ட தண்ணீர்

"எங்க குழாயிலயும் தண்ணி வரல்ல மக்கா" என்று சொல்லி, தண்ணீர் கேட்டு வந்த அடுத்த வீட்டு மைதீன்பாத்துவை நேற்று வெறுங்குடத்தோடு திருப்பி அனுப்பியிருந்தாள் பொன்னம்மை. தக்கலையில் அவர்கள் தெருவுக்குக் குழாய் வந்த முதல் கோடை அது.

இன்று குழாய்க்காரர் பொன்னம்மையின் வாசலில் இரும்புக் கம்பியை மண்ணுக்குள் இறக்கி, புதைந்திருந்த குழாயில் முட்டவைத்து, மேல்முனையில் காதை வைத்துக் கேட்டார்.

"அடைப்பு அடுத்த வீட்டுலதான். ஒங்க வீட்டுக்குள்ள இப்பவும் தண்ணி ஓடுதே அம்மா."

பின்னால் குடத்தோடு மைதீன்பாத்து நின்றாள். காட்டிக்கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள் பொன்னம்மை.

"நீயா இவரைக் கூட்டியாந்தே?"

"ஆமாக்கா. பிள்ளைத்தாச்சி மகளை வச்சுக்கிட்டு தண்ணியில்லாம என்ன செய்வியளோன்னு, ஒங்க வீட்டைத்தான் மொதல்ல பாக்கச் சொன்னேன்."

மைதீன்பாத்து பொன்னம்மையின் முகத்தைப் பார்க்காமல் இடுப்புக் குடத்தைப் படியில் இறக்கி வைத்தாள்.

"கெணத்துத் தண்ணி. ஒங்களுக்குன்னுதான் கொண்டாந்தேன்."

உள்ளே குழாயடியில் குடம் நிரம்பி வழியும் சத்தம், கம்பி இல்லாமலே வாசலுக்குக் கேட்டது.